பெரியம்மாவோட சர்வீஸ் புக்கு

கோரைத்துறைக்குக் கப்பல் வந்தது ஒரு செவ்வாக்கிழமை காலையில, வெயில் ஏறி, பொம்பளைங்க கருவாட்டைப் பொரட்டிப் போட்டுக்கிட்டிருந்த நேரம். ஆளும் இல்லாம, கொடியும் இல்லாம, சொல்லாமக் கொள்ளாம வந்து எறங்குற சொந்தக்காரி மாதிரி அது பாட்டுக்கு வந்து, ஊரு வள்ளமெல்லாம் போக வர இருக்குற ஒரே வழியான முகத்துவாரத்துல குறுக்கால நின்னு, நங்கூரத்தை இறக்கி, ஒரு தடவை ஊதிட்டுச் சும்மா இருந்துக்கிச்சு. மூணு தென்னமர ஒசரம், சாம்பக் கலரு இரும்பு, மூக்குல ஏதோ நம்பரு, அதுலயும் பாதியத் துரு தின்னுட்டுது. சண்டைக் காலத்துல நேவிக்குச் சாமான் சொமந்த கப்பல்னு, டெலிபோன் ஆபீசுல இருந்து ரிட்டயரான கஸ்பார் அண்ணாச்சி பாத்த ஒடனே சொல்லிட்டாவ. சண்டை முடிஞ்சு எம்பது வருசம் ஆச்சேன்னு யாரும் கேக்கல. சில பேரு லேட்டாத்தான் வருவாவ.

கோரைத்துறையில ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு வர்ற வள்ளத்துகிட்ட 'என்ன கொண்டாந்த'ன்னு யாரும் வாயத் தொறந்து கேட்ரக் கூடாது. கேட்டா மீனு கோவிச்சுக்கிட்டு அடுத்த நடைக்கு வராது. வள்ளத்துக்காரனே எறங்கி, துண்டை ஒதறி, 'இன்ன மீனு'ன்னு சொல்ற வரைக்கும் ஊரே கையக் கட்டிக்கிட்டு மேகத்தப் பாக்கும், வள்ளம் பாரத்துல முக்காவாசி முங்கிக் கெடந்தாலும் சரி. அன்னைக்கும் அப்பிடித்தான் ஊரு மொத்தமும் கரையில நின்னு மேகத்தப் பாத்துச்சு. கப்பல் ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் கழுத்து வலிச்சதும் வீட்டுக்குப் போயிட்டாவ.

ரெண்டாம் நாளே ஊரு கப்பலுக்குப் பழகிருச்சு. நங்கூரச் சங்கிலியில துணி காயப் போட்டாவ. ரேசன் கடைக் க்யூ மொத்தமும் கப்பலோட நிழலுக்கு நகந்துச்சு, கடைக்காரரும் தராசத் தூக்கிக்கிட்டு பின்னாலேயே போயிட்டாரு. மொத மொதலாப் பொங்கி எடுத்த புதுப்பொண்ணு ஒருத்தி ஒரு தட்டுச் சோத்தக் கப்பலுக்குன்னு கரையில வச்சா, காக்கா தின்னுட்டுது, கப்பல் தின்னதாத்தான் கணக்கு.

எல்லாருக்கும் பழகுன கப்பல் ஒருத்திக்கு மட்டும் தொண்டையில மாட்டுன முள்ளு. அவ பேரு தெக்லா. ஏலக்களத்துல மீனு ஏலம் கூறுறவ. மூணாங்கிளாசுக்கு மேல படிக்கல, நாலாங்கிளாசு வாத்தியாரு இவ பேச்சுக்குப் பயந்து லீவு போட்டுட்டாருன்னு அவளே சொல்லிக்குவா. அவ ஒரு கொரல் குடுத்தா மூணு தெரு தாண்டி ஓட்டுமேல ஒக்காந்திருக்க காக்கா எந்திரிச்சு நிக்கும். வீடு இல்லாட்டிக் கூட அவ இருந்துக்குவா, அந்தக் களம் இல்லாட்டி அவ இல்ல.

எம்பது வள்ளமும் உள்ளாற மாட்டிக்கிச்சு. மீனு இல்ல, ஏலம் இல்ல. ஜீப்புல ஒரு ஆபீசர் வந்தாரு, கப்பலை அண்ணாந்து பாத்தாரு, தொப்பி விழுந்துச்சு, எடுத்து மாட்டிக்கிட்டு, "இது வந்த நாள்ல இருந்து பதினஞ்சு நாளைக்குள்ள நகரலைன்னா ஏலக்களத்த மொட்டைமுனைக்கு மாத்திருவோம்"னு ஒரு தாள ஒட்டிட்டுப் போனாரு.

மொட்டைமுனை ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரு, கடலுக்குப் போக அவங்களுக்குத் தனி வழி. அங்க ஏலம் கூறுறது தெக்லாவோட சொந்த அக்கா பிலோமி. ரெண்டு பேரும் பேசிப் பன்னெண்டு வருசம். ஒரு சீலா மீனு ஏலத்துல பிலோமி புருசன் புருவத்தத் தூக்கி வெல கேட்டாராம், தெக்லா அதப் பாக்காம வேற யாவாரிக்குக் குடுத்துட்டா. "எம்புருசன் கேட்டாரு"ன்னு அக்கா, "கேக்கல, புருவத்துல ஈ ஒக்காந்துச்சு"ன்னு தங்கச்சி. சீலா மீனத் தின்னவங்க செரிச்சு மறந்துட்டாவ, இவளுக ரெண்டு பேருக்கும் இன்னும் செரிக்கல. பேசிக்கத்தான் மாட்டாளுக, ஓடைக்கு ரெண்டு கரையிலயும் நின்னு வைய மட்டும் செய்வாளுக.

தாளு ஒட்டுன அன்னைக்கே அந்தக் கரையில இருந்து கொரல் வந்துச்சு. "ஏட்டி தெக்லா! கலங்காத! எங் களத்துல கூடை கழுவ ஆளு வேணும்!"

"உங் களத்துல மீனு இருந்தாத்தான கூடை அழுக்காகும்!" ன்னு சொல்லிட்டு வந்துட்டா தெக்லா. வந்து, கதவச் சாத்திக்கிட்டு, ஒரு செம்புத் தண்ணியக் குடிச்சா. அக்கா சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனா களம் போனா அது நெசமாயிரும்.

மூணாம் நாளு கஸ்பார் அண்ணாச்சி வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டுக் கப்பலுக்கு முன்னால போயி நின்னாவ. "பெரியப்பா, வணக்கம்"னாவ. கப்பலோட பொகைக்குழாயில இருந்து ஒரு கூடை கரி அவங்க தலையில கொட்டுச்சு. அண்ணாச்சியோட பல்லு மட்டுந்தான் வெள்ளையா மிஞ்சுச்சு.

பக்கத்துல நின்ன தெக்லா கப்பலை மேலயும் கீழயும் பாத்தா. "பெரியம்மாவா இருக்கும் அண்ணாச்சி."

பூம்னு ஒரு ஊது ஊதுச்சு கப்பல். ஊதுனா ஆமா, கரி கொட்டுனா இல்ல. ஊருக்கு அது போதும். அன்னைல இருந்து அது பெரியம்மா.

சாயங்காலம் கூட்டம் கூடி, பெரியம்மா ஏன் வந்திருக்கான்னு யோசிச்சாவ. கஸ்பார் அண்ணாச்சி அம்பத்தேழு பேருக்கு ரிட்டயர்மென்ட் விழா நடத்துன கை. "வேற என்ன? ரிட்டயராக வந்திருக்கா"ன்னாவ. "வேலை முடிஞ்சவங்களுக்கு மாலை போட்டு, சால்வை போத்தி, சொவருக் கடிகாரம் குடுத்து, வேன்ல ஏத்தி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு விட்டாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம். இவளுக்கு ஒருத்தனும் அதச் செய்யல. அதான் பாவம், எம்பது வருசமா டூட்டிக்கு வந்துக்கிட்டே இருக்கா."

கேட்ட சனம் அழுதுருச்சு. விழா நடத்துறதுன்னு முடிவு. பெரியம்மாவுக்குச் சால்வை பத்துமா? வீட்டுக்கு ஒண்ணா நூத்திப்பன்னெண்டு பொடவைய வாங்கி, வலை பின்னுற ஊசியால ஒண்ணோட ஒண்ணு தச்சு, எட்டு வள்ளத்துல கொண்டு போயி மூக்குல இருந்து வாலு வரைக்கும் சுத்திவிட்டாவ. சங்கிலிக்கு மாலை. பிளெக்ஸ் பேனருல எங்கேயோ எடுத்த ஒரு பீரங்கிக் கப்பல் படம், கீழ 'கடல் சிங்கமே, எதிரிகளின் இடியே'ன்னு எழுத்து. கேசரி, மிக்சர், பந்தல், மைக்கு. ஏழாம் நாளு கஸ்பார் அண்ணாச்சி மைக்கப் புடிச்சு, பெரியம்மா நூறு கப்பலை முக்குனதையும், ஆயிரம் குண்டு போட்டதையும், எதிரி ராசா இவ பேரக் கேட்டே காய்ச்சல்ல படுத்ததையும் முக்கா மணி நேரம் முழங்குனாவ.

முக்கா மணி நேரமும் கரி கொட்டுச்சு. பந்தல் கறுப்பு, மாலை கறுப்பு, கேசரி கறுப்பு. நல்ல நெய்யி ஊத்துன கேசரின்னு சனம் ஊதி ஊதித் தின்னுச்சு.

தெக்லா மொகத்தத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சா. இன்னும் எட்டு நாளுதான் இருக்கு. "அண்ணாச்சி, உங்க ரிட்டயர்மென்டுக்கு நீங்க நூறு டெலிபோன முக்குனதா யாராச்சும் பேசுனாவளா?"

"அது எப்பிடி? சர்வீஸ் புக்குல உள்ளதத்தான பேசுவாவ."

"அப்ப பெரியம்மாவோட சர்வீஸ் புக்கு எங்க?"

சர்வீஸ் புக்கு இல்லாம ரிட்டயர்மென்டே செல்லாதுன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவங்க அண்ணாச்சிதான்.

"எழுதிக்கிடுங்க, நான் எடுத்துத் தாரேன்"னா தெக்லா.

மறுநாள் காலையில களத்துத் தராசுமேல ஏறி நின்னா. மத்தவங்க கேள்வி கேட்டாக் கப்பல் ஒண்ணு ஊதும், இல்ல கரி கொட்டும், அவ்வளவுதான். ஏலம் கூறுறவளுக்கு வேற வழி தெரியும். கீழ இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு படியா ஏத்தி, எதிராளி எந்தப் படியில அசையுறான்னு கண்ணு கொட்டாமப் பாக்குற வேலைதான அது. அசைஞ்ச எடத்துல நிறுத்தணும், அவ்வளவுதான் தொழிலு.

"பொறந்த வருசம் கூறுதேன், பெரியம்மா! நாப்பது! நாப்பத்தொண்ணு! நாப்பத்திரெண்டு! நாப்பத்திமூணு!"

பூம்.

"நாப்பத்திமூணு, ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! எழுதுங்க அண்ணாச்சி!"

ஊரு ஆர்ப்பரிச்சிருச்சு. அதுக்கப்புறம் மூணு நாளு கோரைத்துறையில ஒலை எரியல, வேற பேச்சு இல்ல. சனம் கீழ இருந்து சரக்கு பேரா எடுத்துக் குடுக்க, தெக்லா மேல இருந்து கூற, கப்பல் ஊத ஊத, அண்ணாச்சி நீள நோட்டுல எழுதிக்கிட்டே போனாவ. மொத நடையில ஏத்துனது பூட்ஸு. எத்தன? தெக்லா ஆயிரம் ஆயிரமா ஏத்திப் போயி முப்பதாயிரத்துல ஊதுச்சு. ரெண்டாவது நடை சிமெண்டு. மூணாவது டின்னு மாட்டுக்கறி, அத முட்டையா, மொளகாயான்னு நாலு மணி நேரம் சுத்திக் கண்டுபுடிச்சாவ. பல்லுப் புடுங்குற நாக்காலி அறுவது கொண்டு போயிருக்கா, அதச் சரியாச் சொன்னது பல்லுவலியோட நின்ன ஒருத்தரு. பேண்டு வாசிக்கிறவங்களுக்கு மேளம் கொண்டு போகும்போது பொயலடிச்சு, மேளமெல்லாம் உள்ளாற தானா அடிச்சுக்கிட்டு மூணு நாளு தாளம் தப்பாம வந்திருக்கு. ஒரு ஏரோப்பிளேன் இவமேல குண்டு போட்டிருக்கு, அது வெடிக்காமப் போயி கோதுமை மாவுக்குள்ள சொருகிக்கிச்சு, மாலுமிங்க பத்து நாளு பேய் மாதிரி வெள்ளையா அலைஞ்சிருக்காவ. ஆளை முக்குனது எத்தனன்னு தெக்லா சைபர்ல ஆரம்பிச்சா, சைபர்லயே ஊதிருச்சு. சுட்டது ஒரே ஒரு தடவ, அதுவும் மெதந்து வந்த ஒரு பீப்பாய. அதுமேலயும் படல.

"நம்மள மாதிரி சொமந்து சொமந்து நாரி ஒடிஞ்சவடா இவ"ன்னு ஒரு கருவாட்டுக்காரி சொன்னா, சொல்லிட்டு முந்தானையால சங்கிலியத் தொடச்சுவிட்டா. சிங்கம்னு சொன்னப்ப வராத மரியாதை பூட்ஸு சொமந்தவன்னு தெரிஞ்சப்ப வந்துச்சு.

பதினோராம் நாளு நோட்டு முடியுற கட்டம். வேலை முடிஞ்ச தேதி மட்டும் பாக்கி. தெக்லா கூறுனா. நாப்பத்தஞ்சு, ஊதல. நாப்பத்தாறு, ஊதல. அம்பது, அறுவது, எழுவது, மாசம் மாசமா, கெழம கெழமயா ஏத்திக்கிட்டே வந்தா, அவ பொறந்த வருசம் வந்துச்சு, அவ அப்பா செத்த வருசம் வந்துச்சு, சீலா மீனு வித்த வருசம் வந்துச்சு, ஊதல, கரியும் கொட்டல. கடைசியா, "இன்னைக்கு!"ன்னா. கப்பல் கம்முன்னு இருந்துச்சு.

அண்ணாச்சி பேனாவ மூடுனாவ. "இவ ரிட்டயராக வரல தெக்லா. இவளுக்கு இன்னும் டூட்டி இருக்கு."

தெக்லா தராசுல இருந்து எறங்கி, ஒரு சின்ன வள்ளத்தத் தள்ளிக்கிட்டுத் தனியாக் கப்பலுக்குப் பக்கத்துல போனா. நாலே நாளு. நாலு நாளு கழிச்சு அக்கா களத்துல கூடை. இரும்புல சாஞ்சு நின்னு தண்ணியப் பாத்தா. பாத்தவ அப்பிடியே நின்னுட்டா. தண்ணிக் கோடு கப்பலோட கழுத்துக்குக் கிட்ட ஏறியிருந்துச்சு. இப்பிடி முங்கி, அடி மணல்ல தட்டி நிக்கிற வள்ளத்த அவ ஆயிரம் தடவ பாத்திருக்கா. உள்ள சரக்கு ரொம்பி வர்ற வள்ளம் இப்பிடித்தான் நிக்கும். மொத நாளே ஊருல எல்லாரும் பாத்ததுதான். பாத்துட்டுத்தான எல்லாரும் மேகத்தப் பாத்தாவ!

ஏலம் கூறுறவ வாயில அந்தக் கேள்வி வரவே கூடாது. அவ அப்பா நாப்பது வருசம் கூறுனாரு, ஒரு நாளும் கேட்டதில்ல. தெக்லா சிலுவை போட்டுக்கிட்டா. ஊரே கரையில நின்னு பாக்க, கேட்டுட்டா.

"பெரியம்மா, உள்ள என்ன கொண்டாந்திருக்க?"

கரையில பொம்பளைங்க வாயில அடிச்சுக்கிட்டாவ. கப்பல் ஊதல. எம்பது வருசமா எந்தத் தொறையிலயும் யாரும் கேக்காத கேள்வி, அதுக்கு மூச்சு வாங்கிருச்சோ என்னமோ. அப்புறம் மேல்தட்டு மூடி கிரீச்சுன்னு தொறந்துச்சு, மழை பெஞ்ச தோட்டத்து மண்ணு வாடை ஊரு மேல வந்து எறங்குச்சு, கப்பலோட தூக்குமரம் தானா சுத்தி, ஒரு வலைக்குள்ள இருவது மூட்டைய அள்ளித் தெக்லா வள்ளத்துல பூப்போல வச்சுச்சு.

ஒரு மூட்டையப் பிரிச்சா. உருளைக்கெழங்கு. மேல ஈர மண்ணு, நேத்துத் தோண்டுன மாதிரி. தெக்லா ஒரு கெழங்க எடுத்து, மீனப் பாக்குற மாதிரி வெரலால அமுக்கி, மோந்து, கரையப் பாத்துச் சத்தம் போட்டா. "பதமான சரக்கு! ஐஸுல வைக்காதது!"

எத்தன மூட்டைன்னு கூறுனா. நாப்பதாயிரத்துல ஊதுச்சு.

எறக்கிட்டாப் பாரம் கொறையும், பாரம் கொறஞ்சாக் கப்பல் மெதக்கும், மெதந்தா மணல விட்டு எந்திரிச்சுப் போயிரும். கணக்கு சுளுவு, கெழங்குதான் நாப்பதாயிரம் மூட்டை. மறுநாள் விடிஞ்சதுல இருந்து கோரைத்துறையில இருந்த இருநூறு தோளும் சொமந்துச்சு. கோயில் மண்டபம் ரொம்புச்சு, பள்ளிக்கூடம் ரொம்புச்சு, பிள்ளைகளுக்கு லீவு. ஒரு வீட்டுல கட்டில எடுத்து வெளிய போட்டுட்டு மூட்டை மேல படுத்தாவ. காலையில கெழங்கு அவியல், மத்தியானம் கெழங்குக் கொழம்பு, ராத்திரி கெழங்கு வேண்டாம்னு சண்டை. பொழுது சாயும்போது அண்ணாச்சி எண்ணிப் பாத்தாவ. ஆறாயிரம் எறங்கியிருக்கு. கப்பல் ஒரு முழம் ஒசந்திருக்கு. இன்னும் மூணே நாளு.

"மொட்டைமுனை ஆளுக வந்தா முடிஞ்சிரும்"னாவ அண்ணாச்சி, தெக்லா மொகத்தப் பாக்காம.

"அவ வரமாட்டா. களம் அவளுக்குக் கெடைக்கப் போகுதே."

"கேட்டியா?"

கப்பல்கிட்டக் கேட்டதே தெக்லாவுக்குப் பெரிய பாடு. இது அதவிட ஒசரமான இரும்பு. எந்திரிச்சு, சேலைய ஒதறிக் கட்டிக்கிட்டு, ஓடைக்கரைக்குப் போனா. அந்தக் கரையில பிலோமி இடுப்புல கைய வச்சுக்கிட்டு ரெடியா நின்னா, பன்னெண்டு நாளா நின்ன மாதிரி.

"அக்கா!"

பன்னெண்டு வருசமா அந்த வார்த்த அந்த ஓடையத் தாண்டல. பிலோமி இடுப்புல இருந்து கைய எடுத்துட்டா.

"எனக்கு ஆளு வேணும்க்கா!"

"என்னது? காத்துல கேக்கல!"

"ஆளு வேணும்!"

"இன்னும் சத்தமா! ஏலம் கூறுற தொண்டையாட்டி இது?"

தெக்லா மூச்ச இழுத்து ஒரு கத்து கத்துனா, ரெண்டு ஊருக் காக்காயும் பறந்துச்சு, கப்பல் கூடப் பதிலுக்கு ஊதுச்சு. பிலோமி சிரிச்சா. சிரிச்சுட்டுத் திரும்பித் தன் ஊரு ஆளுகளப் பாத்து, "வள்ளத்த எறக்குங்கடா"ன்னா.

"களம் நமக்கு வர்ற நேரத்துல என்ன மைனி இது?"ன்னு ஒருத்தன் மொணங்குனான்.

"அவ அங்க நின்னு கூறலைன்னா, நான் யார வஞ்சுக்கிட்டு ஏலம் போட? ஒன்னையா? ஒன்னைய வையிறதுக்கு ஒரு நாளு பத்தும், எறங்குல!" அப்புறம் இந்தப் பக்கம் பாத்து, "ஏட்டி, கெழங்குல எங்களுக்குப் பாதி!"ன்னா.

"முக்காவாசிய எடுத்துக்க தாயி! இங்க நாங்க நின்னுக்கிட்டு ஒறங்குதோம்!"

மொட்டைமுனையில இருந்து பெரிய வள்ளமா வந்துச்சு, தோளுதோளா வந்துச்சு. தூக்குமரம் சுத்தச் சுத்த, மூட்டை எறங்க எறங்க, தெக்லா இந்தப் பக்க வள்ளத்துக்கும் பிலோமி அந்தப் பக்க வள்ளத்துக்கும் எண்ணிக்கை கூற, ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு நடுவுல ஒருத்திய ஒருத்தி வைய, ரெண்டு நாளு அந்த முகத்துவாரத்துல தண்ணிச் சத்தமே கேக்கல. பெரியம்மா முழம் முழமா எந்திரிச்சா. சாம்பல் வயிறுக்குக் கீழ செவப்பு வயிறு தெரிஞ்சுச்சு, செவப்பு வயித்துல எம்பது வருசத்துச் சிப்பி தெரிஞ்சுச்சு. பதினஞ்சாம் நாளு காலையில கடைசி மூட்டை கரையில விழுந்தப்ப, தூக்குமரத்து நுனியில ஒரு தாளு தொங்குச்சு. சரக்கு வந்து சேந்துச்சுன்னு கையெழுத்துப் போடுற தாளு.

அண்ணாச்சி பேனாவ நீட்டுனாவ. தெக்லா நாக்கக் கடிச்சுக்கிட்டு, மூணாங்கிளாசு எழுத்துல, கோணக்கோணயா 'தெக்லா'ன்னு எழுதுனா. பத்தாதுன்னு பக்கத்துல பிலோமி கைநாட்டு வச்சா.

கப்பல் தாள இழுத்துக்கிச்சு, நங்கூரத்த எடுத்துச்சு, ஏத்தத் தண்ணியில பஞ்சு மாதிரித் திரும்புச்சு. நூத்திப்பன்னெண்டு பொடவையும் காத்துல படபடன்னு அடிக்க, அது பாட்டுக்குக் கெழக்க போயிருச்சு. பொடவைய அவுத்துக்கிட்டு விடலையேன்னு அப்பத்தான் பொம்பளைங்களுக்கு ஞாபகம் வந்துச்சு. "என் கல்யாணச் சேலை போகுதே"ன்னு ஒருத்தி சொன்னா. சொன்னவளும் கையாட்டிக்கிட்டுத்தான் நின்னா.

பத்து மணிக்கு ஜீப்பு வந்துச்சு. ஆபீசர் முகத்துவாரத்தப் பாத்தாரு, வெறுந்தண்ணி. தன்னோட தாளப் பாத்தாரு. கிழிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. ரெண்டு மூட்டைக் கெழங்க ஜீப்புல ஏத்திவிட்டாவ, வேண்டாம்னாரு, விடல.

எம்பது வள்ளமும் போயிட்டுச் சாயங்காலம் திரும்புச்சு. பாரத்துல முங்கி முங்கி வருது. ஊரே களத்துல கூடி மேகத்தப் பாக்குது, யாவாரிங்க நிக்குறாவ, மீனு குவியுது. தெக்லா தராசுமேல ஏறி நின்னா, நெஞ்ச நிமித்துனா, வாயத் தொறந்தா.

காத்துதான் வந்துச்சு. எட்டு நாளு கூறுனதுல தொண்டை சுத்தமாப் போயிருச்சு. இன்னொரு தடவ தொறந்தா. கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம். களம் அவளுக்கு இருக்கு, கொரல் இல்ல. தெக்லா கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

கூட்டத்த விலக்கிக்கிட்டு பிலோமி வந்தா. தராசுமேல ஏறி, தங்கச்சிய இடுப்பால ஒரு இடி இடிச்சு எடம் பண்ணிக்கிட்டு நின்னா. தெக்லா அவ காதுல என்னமோ ஊதுனா.

"எந்தங்கச்சி என்ன சொல்லுதான்னா, மீனு நல்ல மீனு, வாங்குறவன் நல்ல வெல கேளு, கேக்காதவன் வீட்டுக்குப் போயி கெழங்கு தின்னு!"

தெக்லா அப்பிடி ஒரு வார்த்தயும் சொல்லல. அக்கா தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுனா. பிலோமி அசையல, கொரலும் அசையல, "அதோட, அவ அக்காவுக்குத்தான் இந்தக் கடற்கரையிலயே நல்ல கொரலுங்கா, அதையும் சொல்லச் சொல்லுதா"ன்னு ஊருக்கே கூறிட்டு, மொதக் கூடையக் காலால முன்னால தள்ளிவிட்டா.